காலடியில் உடையும் உயிர்

அமெரிக்காவில் யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது கொலராடோ பீடபூமி. செம்மணற்பாறைகளும் குட்டைப் புதர்களும் நிறைந்த வறண்ட மேட்டுநிலம் அது. 2005-ம் ஆண்டு சூழலியல் ஆய்வாளர்கள் அங்கே ஒரு நெடுங்காலச் சோதனையைத் தொடங்கினார்கள். வருங்காலத்தின் வெப்பத்தையும் மழையையும் சிறு சிறு நிலத்துண்டுகளில் இப்போதே உண்டாக்கிப் பார்ப்பது அதன் நோக்கம். சில துண்டுகளை அகச்சிவப்பு விளக்குகளால் சூடேற்றினார்கள். வேறு சில துண்டுகளுக்குக் கோடையில் அடிக்கடி தண்ணீர் தெளித்தார்கள். ஒரு தடவைக்கு 1.2 மில்லிமீட்டர்தான், ஒரு தூறலின் அளவு.

வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். நடந்தது வேறு. தண்ணீர் தெளித்த துண்டுகளில் மண்ணின் மேற்பரப்பில் சுமார் 25 சதவீதத்தை மூடியிருந்த பாசிச்செடிகள், ஒரே ஒரு வளர்பருவத்துக்குள் 2 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டன. பல்லாண்டு வறட்சியைத் தாங்கும் தாவரத்தைத் தூறல் கொன்றுவிட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த சாஷா ரீடும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012-ல் இதை வெளியிட்டார்கள்.

இந்த முடிவைப் புரிந்துகொள்ள, வறண்ட நிலத்தின் மேல் சில மில்லிமீட்டரில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வறண்ட நிலங்களின் வருங்காலம் பெருமளவு அந்தச் சில மில்லிமீட்டரில்தான் தீர்மானமாகிறது.

எது வறண்ட நிலம்?

மழை குறைவாகப் பெய்யும் இடமெல்லாம் வறண்ட நிலம் ஆகிவிடாது. குளிர்ந்த நாட்டில் 400 மில்லிமீட்டர் மழை போதுமானதாக இருக்கலாம்; வெயில் கொளுத்தும் நாட்டில் அதே மழை எங்கே போயிற்று என்றே தெரியாது. அதனால் அறிவியலாளர்கள் வரவையும் செலவையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஆண்டு முழுதும் பெய்யும் மழையை, அந்த இடத்தின் வெயிலும் காற்றும் மண்ணிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் உறிஞ்சக்கூடிய நீரின் அளவால் வகுத்தால் கிடைப்பது வறட்சிக் குறியீடு. அது 0.65-க்குக் கீழே இருந்தால் அந்த இடம் வறண்ட நிலம். 0.2-க்கும் 0.5-க்கும் இடைப்பட்டது அரைவறண்ட நிலம். 0.05-க்கும் கீழே போனால் சகாராவின் நடுப்பகுதி போன்ற கடும் பாலை.

இந்தக் கணக்குப்படி அன்டார்க்டிகா நீங்கலாகப் பூமியின் நிலப்பரப்பில் 40.6 சதவீதம் வறண்ட நிலம். பாலைவனமாதலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை அமைப்பு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இதைச் சொல்கிறது. அங்கே வாழும் மக்கள் 230 கோடிப் பேர். 1990 முதல் 2020 வரையான முப்பது ஆண்டுகளில், அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளைக் காட்டிலும் உலக நிலப்பரப்பின் 77.6 சதவீதம் கூடுதலாக வறண்டிருக்கிறது என்றும், வறண்ட நிலம் 43 லட்சம் சதுர கிலோமீட்டர் விரிந்திருக்கிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அது இந்தியாவின் பரப்பைவிடப் பெரியது.

மழை பொய்த்தது மட்டும் இதற்குக் காரணமில்லை. காற்று சூடேறினால் அது தாங்கிக்கொள்ளும் நீராவியின் அளவும் கூடுகிறது. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவிக்குக் காற்றில் இடமுண்டு. அதனால் மழையளவு அப்படியே இருந்தாலும், வெப்பம் ஏறிய காற்று மண்ணிலிருந்து முன்னைவிட அதிக ஈரத்தை இழுத்துவிடும்.

பொருக்குக்குள் யார் இருக்கிறார்கள்?

வறண்ட நிலத்தில் செடிகள் நெருக்கமாக வளர்வதில்லை. ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவே வெற்றிடம் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு அது வெறும் மண். உண்மையில் அந்த இடைவெளிகளில் பலவும் உயிர்களால் மூடப்பட்டவை. மண்ணின் மேற்பரப்பில், சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரை, மண்துகள்களும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கெட்டியான ஓர் அடுக்கை உண்டாக்குகின்றன. இதை உயிர்ப் பொருக்கு எனலாம். பூமியின் நிலப்பரப்பில் சுமார் 12 சதவீதத்தை இத்தகைய பொருக்கு மூடியிருக்கிறது என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

பொருக்கின் முதல் குடியேறிகள் நீலப்பச்சைப் பாசிகள் எனப்படும் சயனோபாக்டீரியாக்கள். கொலராடோ பீடபூமியில் இவற்றில் முதன்மையானது மைக்ரோகோலியஸ் வஜினேட்டஸ் என்ற இனம். நுண்ணிய இழைகள் பல ஒன்றாகச் சேர்ந்து, பிசுபிசுப்பான ஓர் உறைக்குள் கிடக்கும். மண் நனைந்ததும் இழைகள் உறையை விட்டு நகர்ந்து வெளிச்சத்தை நோக்கி மேலே வரும். காய்ந்ததும் உள்ளே இறங்கும். போகும் இடமெல்லாம் புதிய உறையைச் சுரந்துகொண்டே போகும். பழைய உறைகள் மண்ணிலேயே தங்கி, மணல்துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. தைத்த துணியில் நூல் எப்படி நிற்கிறதோ அப்படித்தான் அந்த உறைகள் மணலைப் பிடித்து நிற்கின்றன. இழை செத்த பிறகும் பிடி தளர்வதில்லை.

இந்த அடித்தளத்தின் மேல், காலப்போக்கில் லைக்கன்களும் பாசிச்செடிகளும் குடியேறும். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் கூட்டுயிர். பாசிச்செடிகளோ, பூவும் வேரும் இல்லாத குட்டித் தாவரங்கள். மேலே சொன்ன சோதனையில் செத்துப்போனது சின்ட்ரிக்கியா கேனினெர்விஸ் என்ற பாசிச்செடி. உடம்பிலுள்ள நீர் ஏறக்குறைய முழுவதையும் இழந்து கருகிக் கிடந்தாலும், ஒரு துளி பட்டதும் சில நொடிகளில் பச்சை விரிந்துவிடும். அதன் இலைநுனியிலுள்ள மெல்லிய முடி, காற்றின் ஈரத்தையும் பனியையும் சேர்த்துக் கொடுக்கும்.

இந்தச் சிறு உயிர்கள் செய்யும் வேலை பெரிது. காற்றும் மழைநீரும் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்கின்றன. பல சயனோபாக்டீரியாக்களும் சில லைக்கன்களும் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாவரங்கள் பயன்படுத்தும் உப்பாக மாற்றிக் கொடுக்கின்றன. அவரை, துவரையின் வேர்முடிச்சு செய்யும் அதே வேலையை, பயறுச்செடி அரிதான பாலையில் இவை செய்கின்றன. மண், பாறை, மரப்பட்டை ஆகியவற்றின் மேல் வாழும் இத்தகைய பாசி, லைக்கன் போர்வைகள் எல்லாம் சேர்ந்து, நிலத்தில் உயிர்கள் நிலைநிறுத்தும் நைட்ரஜனில் ஏறக்குறையப் பாதியைத் தருகின்றன என்று 2012-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

தண்ணீரை எங்கே அனுப்புவது என்பதிலும் பொருக்குக்குப் பங்குண்டு. குளிர்காலத்தில் மண் உறையும் கொலராடோ பீடபூமியில் பொருக்கு மேடுபள்ளமாகக் கூர்த்து நிற்கும். மழைநீர் அந்தக் குழிகளில் தேங்கி உள்ளே இறங்கும். இஸ்ரேலின் நெகேவ் பாலையில் பொருக்கு வழவழப்பாக இருக்கும். பெய்த நீர் அதன்மேல் வழிந்து அடுத்த புதரின் அடியில் போய்ச் சேரும். ஒரு புதர் முழுதாகப் பிழைக்க, அதைச் சுற்றியுள்ள வெற்றிடம் தன் பங்கு நீரைக் கொடுக்கிறது. அந்த வெற்றிடத்தை உழுது கிளறினால் புதரின் தண்ணீரைத் தடுத்ததாக ஆகிவிடும்.

தூறல் ஏன் கொன்றது?

காய்ந்து கிடக்கும் பாசிச்செடி நனைந்ததும் முதலில் செய்வது தன் செல்களைப் பழுதுபார்ப்பது. அதற்கு ஆற்றல் வேண்டும். சேமித்து வைத்த சர்க்கரையை எரித்து அந்த ஆற்றலைப் பெறுகிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதன் பிறகுதான் ஒளிச்சேர்க்கை சூடுபிடித்து, செலவழித்த கார்பனை மீட்டு, மேலும் கொஞ்சம் சேமிக்கும். இந்தச் சுற்று முழுமையாக, செடி போதுமான நேரம் ஈரமாக இருக்க வேண்டும்.

நல்ல மழை பெய்தால், அல்லது குளிர்காலத்தில் ஈரம் நெடுநேரம் நின்றால், செடிக்கு லாபம். கோடை வெயிலில் 1.2 மில்லிமீட்டர் தூறல் விழுந்தால், செலவை மீட்பதற்கு முன்பே ஈரம் காய்ந்துவிடும். ஒவ்வொரு தூறலும் செடியை எழுப்பி, சேமிப்பைக் கரைத்துவிட்டு, வெறுங்கையோடு படுக்க வைக்கிறது. இது அடுத்தடுத்து நேர்ந்தால் கையிருப்பு தீர்ந்து செடி பட்டினியால் மடிகிறது. மழையே பெய்யாமல் இருந்திருந்தால் அது உறங்கிப் பிழைத்திருக்கும்.

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது ஆண்டுக்கு எவ்வளவு மழை கூடும், எவ்வளவு குறையும் என்றுதான் கேட்கிறோம். எந்தப் பருவத்தில், எத்தனை இடைவெளியில், ஒரு தடவைக்கு எவ்வளவு என்ற கேள்விகள் அதைவிட முக்கியமானவை என்பதை இந்தச் சோதனை காட்டிவிட்டது. மானாவாரி உழவருக்கு இது புதிய செய்தி இல்லை. விதைத்தபின் ஒரு சிறு மழை பெய்து முளையைக் கிளப்பிவிட்டு, அதன்பின் மூன்று வாரம் வானம் பார்க்க வைத்தால் வரும் நட்டத்தை அவர்கள் நன்றாக அறிவார்கள்.

ஒரு நொடியில் உடைவது, ஒரு தலைமுறையில் வளர்வது

காய்ந்த பொருக்கு அப்பளம் போல நொறுங்கக்கூடியது. மாட்டின் குளம்பு, ஜீப்பின் சக்கரம், சுற்றுலாப் பயணியின் காலணி என்று எது பட்டாலும் உடையும். உடைந்த இடத்தில் சயனோபாக்டீரியாக்கள் சில ஆண்டுகளில் திரும்பலாம். லைக்கனும் பாசிச்செடியும் திரும்புவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வறட்சி மிகுந்த இடங்களில் நூற்றாண்டுகூட ஆகலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், வட ஆப்பிரிக்கப் பாலையில் போரிடுவதற்காக அமெரிக்கப் படைத்தலைவர் ஜார்ஜ் பேட்டன் கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலையில் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அன்றைய டாங்கிகளின் தடங்கள் அந்த மண்ணில் இன்னும் அழியவில்லை.

யூட்டாவின் மோவாப் நகரில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய ஜெயின் பெல்நாப், இந்தப் பொருக்கை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட ஓர் ஒப்பீடு கவலை தருவது. ஆண்டுதோறும் மிதிபட்ட நிலத்துண்டுகளையும், மிதிபடாமல் வெப்பமும் மழைமாற்றமும் மட்டும் பட்ட நிலத்துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பாசிச்செடியும் லைக்கனும் குறைந்து, தொடக்கநிலை சயனோபாக்டீரியாவே மிஞ்சியிருந்தது. வெப்பம் ஏறும் வானம், கால்படாத இடத்தையும் மிதித்துவிடுகிறது.

கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் கால்நடை ஒருபோதும் மேயாத, மனிதர்களும் அரிதாகவே நுழையும் ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே 1967 முதல் பொருக்கைக் கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள். நைட்ரஜன் நிலைநிறுத்தும் லைக்கன்கள் 1996-ல் அந்த மண்ணில் 19 சதவீதத்தை மூடியிருந்தன. 2019-ல் 5 சதவீதம்தான் இருந்தது. கோடை வெப்பம் ஏறியதோடு இந்தச் சரிவு ஒத்துப்போகிறது என்று 2022-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேலி போட்டு மாட்டைத் தடுக்க முடியும். வெப்பத்தைத் தடுக்க முடியாது என்பதற்கு அந்தப் புல்வெளி சாட்சி.

புழுதி போகும் தூரம்

பொருக்கு உடைந்தால் முதலில் கிளம்புவது புழுதி. அது உடைந்த இடத்தோடு நிற்பதில்லை. கொலராடோவின் சான் ஹுவான் மலைகளிலுள்ள ஏரிகளின் அடிவண்டலைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகளும் அவர்களுடைய கால்நடைகளும் மேற்கே பரவிய பிறகு, அங்கே படியும் புழுதி சுமார் ஐந்து மடங்கு கூடியிருந்ததைக் கண்டார்கள். 1934-ல் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தபின் அது ஓரளவு குறைந்தது. ஒரு சட்டம் வேலை செய்ததை ஏரியின் சேறு பதிந்து வைத்திருக்கிறது.

அந்தப் புழுதி மலைப்பனியின்மேல் விழும்போது வெண்மை மங்குகிறது. மங்கிய பனி வெயிலைக் கூடுதலாக உறிஞ்சி, காலத்துக்கு முன்பே உருகுகிறது. நான்கு கோடிப் பேருக்கு நீர் தரும் கொலராடோ ஆற்றில் உச்ச வெள்ளம் சுமார் மூன்று வாரம் முந்திவிடுகிறது என்றும், பனி விலகிய மண்ணிலிருந்தும் செடிகளிலிருந்தும் நீர் கூடுதல் நாட்கள் ஆவியாவதால் ஆற்றின் ஆண்டு நீரோட்டம் சராசரியாக 5 சதவீதம் குறைகிறது என்றும் 2010-ல் வெளியான ஆய்வு கணித்தது. பாலையில் ஒரு மாட்டு மந்தை உடைத்த பொருக்குக்கு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள நகரத்தின் குழாய் விலை கொடுக்கிறது.

உலக அளவிலும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்றுள்ள பொருக்குகள் காற்றில் எழும் புழுதியில் சுமார் 60 சதவீதத்தைத் தடுத்து வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய 70 கோடி டன் புழுதி இதனால் மண்ணிலேயே தங்குகிறது. நிலப்பயன்பாட்டு மாற்றமும் காலநிலை மாற்றமும் சேர்ந்து, அடுத்த 65 ஆண்டுகளில் பொருக்கின் பரப்பை 25 முதல் 40 சதவீதம் வரை குறைத்துவிடலாம் என்பது 2018-ம் ஆண்டு ஆய்வின் எச்சரிக்கை.

படிப்படியாகச் சரியும் நிலம்

ஓர் இடத்து ஆய்வை வைத்து உலகத்தைப் பற்றிப் பேசிவிட முடியாது. இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் ஸ்பெயின் நாட்டின் ஃபெர்னாண்டோ மேஸ்ட்ரே. அவருடைய முயற்சியில், அன்டார்க்டிகா தவிர்ந்த எல்லாக் கண்டங்களிலும் 224 வறண்ட நிலங்களை ஒரே முறையில் அளந்தார்கள். செடியின் வகைகளை எண்ணினார்கள். மண்ணின் கார்பனையும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பார்த்தார்கள். 2012-ல் வந்த முதல் முடிவு, செடிவகைகள் மிகுந்த இடத்தில் நிலம் ஒரே நேரத்தில் பல வேலைகளையும் நன்றாகச் செய்கிறது என்றது. அடுத்த ஆண்டு வந்த முடிவு, வறட்சி கூடக் கூட மண்ணில் கார்பனும் நைட்ரஜனும் குறைந்து, பாறை தேய்ந்து வரும் பாஸ்பரஸ் மட்டும் கூடுகிறது என்றது. உயிர்கள் கொண்டுவரும் சத்தும் பாறை கொண்டுவரும் சத்தும் வெவ்வேறு திசையில் போகத் தொடங்கினால் செடி இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது.

2020-ல் மிகெல் பெர்துகோ தலைமையில் வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. நிலம் வறள்வது சரிவில் இறங்குவது போன்றதன்று. படிக்கட்டில் விழுவது போன்றது என்று அது காட்டியது. வறட்சிக் குறியீடு ஏறக்குறைய 0.46-க்குக் கீழே இறங்கும்போது தாவர வளர்ச்சி சட்டென்று தளர்கிறது. 0.3-க்குக் கீழே மண்வளம் குலைகிறது, மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டம் மாறுகிறது, அரிப்பு எளிதாகிறது. 0.2-க்குக் கீழே செடிவகைகளும் செடி மூடிய பரப்பும் வீழ்கின்றன. இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் பூமியின் நிலப்பரப்பில் 20 சதவீதத்துக்கு மேல் இந்தப் படிகளில் ஒன்றையோ பலவற்றையோ தாண்டிவிடலாம் என்பது அந்த ஆய்வின் கணிப்பு. இருபது ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட்டு, இருபத்தோராம் ஆண்டில் எல்லாம் ஒன்றாகச் சரிந்ததைப் பார்க்கும் நிலை வரலாம்.

இதே குழுவினர் மேய்ச்சலையும் ஆராய்ந்தார்கள். 25 நாடுகளில் 98 இடங்களில் அளந்து 2022-ல் வெளியிட்ட முடிவு, ஆடுமாடு வைத்திருப்பவர்களை மொத்தமாகக் குற்றம் சொல்பவர்கள் படிக்க வேண்டியது. வெப்பம் குறைந்த, செடிவகைகள் நிறைந்த வறண்ட நிலங்களில் மேய்ச்சல் நிலத்துக்கு நன்மையே செய்கிறது. வெப்பம் மிகுந்த, செடிவகைகள் குறைந்த நிலங்களில்தான் அது கேடாகிறது. பூமி சூடேறினால், இன்று தாங்கும் மேய்ச்சலை நாளை அதே நிலம் தாங்காது. மந்தையோடு வாழும் மக்களைத் துரத்துவது தீர்வாகாது. எந்தப் பருவத்தில் எங்கே எத்தனை தலை என்ற அவர்களின் அறிவை நிலத்தின் புதிய நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ள உதவுவதே தீர்வு.

மண்ணுக்குள் இருக்கும் கார்பன்

பசுமை இல்லாத நிலத்தில் கார்பன் எங்கே இருக்கப்போகிறது என்று கேட்கலாம். மண்ணுக்குள்தான் இருக்கிறது. கென்யாவில் பணியாற்றிய மண்ணியலாளர் பர்ச் 1958-ல் ஒன்றைத் தெளிவாக விளக்கினார். நன்கு காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் திடீரென்று விழித்து, கார்பன் டை ஆக்சைடை மொத்தமாக வெளிவிடும். வறண்ட நிலத்தின் கார்பன் கணக்கு இப்படித்தான் ஒருசில நாட்களில் எழுதப்படுகிறது. பல மாதம் ஒன்றுமில்லை. மழை பெய்த சில நாளில் எல்லாம் நடக்கிறது.

2011-ல் உலகின் நிலப்பகுதிகள் வழக்கத்தைவிட மிக அதிகமான கார்பனை உறிஞ்சின. எங்கே என்று தேடியபோது, பெருமழைக் காடுகளில் இல்லை, தென் அரைக்கோளத்தின் அரைவறண்ட நிலங்களில் என்று தெரிந்தது. அந்தக் கூடுதலில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆஸ்திரேலியாவில். முந்தைய ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழை அங்கே புல்லையும் புதரையும் கிளப்பியிருந்தது. அடுத்து வந்த வறட்சியும் தீயும் அவ்வாறு சேர்த்ததைத் திருப்பி விட்டுவிடக்கூடும். வறண்ட நிலத்தின் உயிர்க்கார்பன் விரைவாக வரும், விரைவாகப் போகும்.

நிலையாகத் தங்குவது சுண்ணாம்பாக உறைந்த கார்பன். நம் ஊர்களில் கிணறு வெட்டும்போது வரும் சுக்கான்கல் அதன் ஒரு வடிவம். உலக மண்ணின் மேல் இரண்டு மீட்டரில் இப்படி 2,30,500 கோடி டன் கார்பன் இருக்கிறது என்று 2024-ல் கணக்கிட்டார்கள். பூமியின் தாவரங்கள் எல்லாவற்றிலும் உள்ள கார்பனைப் போல ஐந்து மடங்கு அது. அதிகமாகக் கொட்டும் நைட்ரஜன் உரம் மண்ணைப் புளிக்க வைக்கிறது. புளித்த மண்ணில் சுண்ணாம்பு கரைந்து கார்பனை விடுகிறது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இப்படி இழப்பு அதிகம் நேரக்கூடிய நாடுகள் இந்தியாவும் சீனாவும் என்று அதே ஆய்வு சொல்கிறது. யூரியா மூட்டையை அளந்து போடுவது வயலுக்கு மட்டும் நல்லதில்லை.

மீட்க முடியுமா?

முடியும் என்பதற்குச் சீனாவின் ஷாபோதோ சான்று. 1950-களில் டெங்கர் பாலையின் விளிம்பு வழியாக பாவோதோ–லான்சோ ரயில்பாதை போட்டபோது, நகரும் மணல்மேடுகள் தண்டவாளத்தை மூடிவிடும் அபாயம் இருந்தது. கோதுமை வைக்கோலை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கட்டங்களாக மணலில் ஊன்றினார்கள். காற்றின் வேகம் தரையருகே தணிந்தது; நடுவே பாலைப் புதர்களை நட்டார்கள். வைக்கோல் சில ஆண்டில் மக்கிப்போனது. அதற்குள் மெல்லிய புழுதி படிந்து, சயனோபாக்டீரியா குடியேறி, பின்னர் லைக்கனும் பாசிச்செடியும் வந்தன. ரயில் இன்றும் ஓடுகிறது. மணலைப் பிடித்துக்கொள்ளும் பெரும் வேலையை அங்கே இப்போது பொருக்குதான் செய்கிறது. சோதனைக்கூடத்தில் வளர்த்த சயனோபாக்டீரியாவை மணலில் தெளித்து, இந்தக் காலத்தைச் சுருக்கவும் சீன ஆய்வாளர்கள் முயன்று ஓரளவு வென்றிருக்கிறார்கள்.

இந்தத் துறையில் இந்தியாவும் முன்னோடிதான். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஆர்.என். சிங், வட இந்தியாவில் 'ஊசர்' எனப்படும் உவர்நிலத்தில் நீலப்பச்சைப் பாசியை வளரவிட்டால் மண் பயிருக்குத் தகுதியாகிறது என்பதை 1950-லேயே நேச்சர் இதழில் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் வெளியிட்ட 'சயனோஃபைட்டா' என்ற நூல், இந்த உயிர்களை இனம்பிரிக்க உலகம் முழுதும் ஆய்வாளர்கள் புரட்டும் நூலாக நெடுங்காலம் இருந்தது. இத்தனை வலுவான மரபு நமக்கிருக்க, நம் வறண்ட நிலங்களின் பொருக்கைப் பற்றிய ஆய்வு இன்னும் பெருக வேண்டும்.

தேவை சிறியதில்லை. இஸ்ரோ தயாரித்த நிலச்சீரழிவு வரைபடத்தின்படி, 2018–19-ல் இந்தியாவின் நிலப்பரப்பில் 29.77 சதவீதம், அதாவது 9.785 கோடி ஹெக்டேர், சீரழிந்த நிலம். தமிழ்நாட்டின் சமவெளிகளில் பெரும்பகுதி அரைவறண்ட நிலம் அல்லது அதையொட்டியது. கரிசல் மானாவாரியும், செம்மண் மேட்டுநிலமும், தென்கடலோரத் தேரியும் நம் வறண்ட நிலங்கள். வருவாய்க் கணக்கில் இவற்றில் பல 'தரிசு' என்று ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அந்தப் பெயரோடு வருவது, இங்கே எதையும் செய்யலாம், இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம். அதனால் ஒரு திட்டத்துக்கு நிலம் தேடும்போது முதலில் இவற்றின்மேல்தான் கை வைக்கிறோம். மரம் நடுகிறோம் என்று வரிசையாகக் குழி தோண்டுகிறோம். சூரியமின் பலகைகளுக்காகப் பொக்லைன் விட்டு மட்டம் போடுகிறோம். மரமும் வேண்டும், சூரியமின்சாரமும் வேண்டும். ஆனால் நூறாண்டில் உருவான மேற்பரப்பை ஒரு பகலில் சுரண்டி எடுத்துவிட்டுப் பசுமைத் திட்டம் என்று பெயர் வைப்பது சரியில்லை.

செய்ய வேண்டியவை செலவு மிகுந்தவையல்ல. நிலத்தை எடுப்பதற்கு முன், அதன் மேல் சில மில்லிமீட்டரில் என்ன உயிர் இருக்கிறது என்று ஒரு மண்ணியலாளரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். கட்டுமானத்தின்போது வண்டிகள் ஒரே தடத்தில் போகட்டும். சுரண்டத் தேவையில்லாத இடத்தைச் சுரண்டாமல் விடுங்கள். மழை வாராத பருவத்தில் கோடை உழவு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை அந்த ஊர் மண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். புல்லும் புதருமாக இருக்கும் மேய்ச்சல்நிலத்தை மரக்காடாக்க முனையாதீர்கள். அது தன்னளவில் முழுமையான இயற்கை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலமரத்தைக் காட்டுவது போல, மழை நின்ற மறுநாள் வரப்பின்மேல் கரும்பச்சையாகப் படரும் அந்தப் படலத்தையும் காட்டுங்கள். உலகின் வறண்ட நிலங்களை ஆராய்ந்தவர்கள் அரைநூற்றாண்டு உழைப்பில் கண்ட முடிவு இதுதான்: உடைந்த பொருக்கை மீட்பதைவிட உடையாமல் காப்பது எளிது, மலிவு, விரைவு. அந்தக் காவலை நம் ஊர் நிலத்தில் இன்றே தொடங்குவோம்.